முட்டை சொன்ன கடற்கரை

அத்தியாயம் 14

போன வாரம் எஸ்மியை டிரினிடாடிலிருந்து டொபேகோ தீவுக்குப் போகும் கப்பலின் மேல்தளத்தில், மடியில் முட்டை டப்பாவோடு, எந்த நிமிடமும் வாந்தி வரலாம் என்ற நிலையில் விட்டுவிட்டு வந்தோம். கப்பல் ஒரு வழியாகக் கரை சேர்ந்தது. எஸ்மியும் சேர்ந்தாள். மூன்று முட்டைகளில் ஒன்றுதான் சேர்ந்தது.

"ஒண்ணு போதும். பெரிய வெள்ளிக்கு எத்தனை முட்டை வேணும்? நான் என்ன கேக்கா செய்யப் போறேன்?" என்று தானே தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தப் பெரிய வெள்ளி விடிந்து, இப்போது மணி பதினொன்று. ஸ்டோர் பே கடற்கரையில், வாதுமை மரத்தடியில் பாயை விரித்து எஸ்மி, அவள் தம்பி மனைவி யூலாலி, யூலாலியின் மகள் ரோனெல் என்று மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கரை நிறையக் கூட்டம். கடலுக்குள் மட்டும் ஆளில்லை. பெரிய வெள்ளியன்று கடலில் இறங்கினால் மீனாகிவிடுவோம் என்பது எங்கள் தீவுகளில் பால்குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த நாலு பேர் மட்டும் சந்தோஷமாக நீந்திக்கொண்டிருந்தார்கள். மீதி முந்நூறு பேரும் கரையில் நின்று, அவர்களுக்கு எப்போது செதில் முளைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அத்தை, காலை மட்டும் நனைச்சுட்டு வரேன்," என்றாள் ரோனெல்.

"நனை. அப்புறம் உன்னை எலுமிச்சை பிழிஞ்சு பொரிச்சுடுவேன்," என்றாள் எஸ்மி.

ரோனெலுக்கு இருபத்தொன்பது வயது. டிரினிடாடில் கட்டட வேலைகளுக்கு மேற்பார்வை பார்ப்பவள். சுவரை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், பெயின்ட் அடித்து எத்தனை மாதம் என்று சொல்லிவிடுவாள். இங்கே வந்ததும் முதல் வேலையாகக் கைப்பிடிக் கம்பியைத் தடவிப் பார்த்து, "போன மழைக்கு முன்னாடி அடிச்சது," என்று தீர்ப்புச் சொன்னாள். அப்படிப்பட்டவள் விடுமுறையை மட்டும் சும்மா விடுவாளா? அட்டை ஒன்றில் கட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

கட்டத்தின் ஒரு பக்கம் க்ரௌன் பாயின்ட். அதாவது இந்த ஸ்டோர் பே, பக்கத்திலேயே வெள்ளை மணல் கடற்கரைகள், கூப்பிடு தூரத்தில் புக்கூ, அங்கே செவ்வாய்க்கிழமை ஆட்டுப் பந்தயம். இன்னொரு பக்கம் காஸ்டாரா. மலைக்கு அந்தப் பக்கம், வளைந்து வளைந்து ஒரு மணி நேரம் போனால் வரும் மீனவர் விரிகுடா. இரண்டு ஊரிலும் ஒரு அறை சொல்லி வைத்திருந்தாள். இரண்டு வீட்டுக்காரிகளும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்: ஈஸ்டர் கூட்டம், மத்தியானம் ஒரு மணிக்குள் முடிவு சொல்லாவிட்டால் அறை வேறு ஆளுக்கு.

"கழிப்பறை, இங்க இருக்கு. டாக்டர், இங்க. சாப்பாட்டுக் கடை, இங்க வரிசையா ஆறு. அங்க ஒண்ணு, அதுவும் அந்தம்மா மனசு வெச்சாத்தான். போன் சிக்னல், இங்க நாலு கோடு. அங்க மரத்துல ஏறணும்," என்று ரோனெல் அட்டையைத் தட்டினாள். "அம்மா, இப்பச் சொல்லு. காஸ்டாரால அப்படி என்ன இருக்கு?"

"அமைதி," என்றாள் யூலாலி.

"நீ அமைதி கேக்கறியா? வீட்டுல ரேடியோ இல்லாம பாத்திரம் கழுவ மாட்டே!"

"இங்க மணல் ரொம்ப வெள்ளை. கண்ணு கூசுது."

"கறுப்புக் கண்ணாடி வாங்கித் தரேன்."

"இங்க நண்டு விலை அதிகம்."

"உனக்கு நண்டு தின்னா உடம்பெல்லாம் தடிச்சுடுமேம்மா!"

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்கள் பொய் சொல்ல ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும்.

உண்மை என்னவென்று உங்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். யூலாலிக்கு ஐம்பத்தாறு வயது. கணவன் கென்ரிக் காலமாகி நாலு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக டொபேகோ வந்தவள், காஸ்டாரா கரையில் வலை இழுக்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கப் போனாள். போனவள் சும்மா நிற்காமல் கயிற்றில் கை வைத்தாள். எங்கள் பக்கத்தில் கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் மீனில் பங்கு உண்டு. வலைக்குச் சொந்தக்காரர் ஹோலிஸ் அவளுடைய பங்கைக் கையில் கொடுத்தார். கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார். "உன் பங்கு இன்னும் முடியல," என்றார். அன்று முதல் மாதம் ஒரு தடவை கப்பலில் மீனோடு ஐஸ் பெட்டி வருகிறது. யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டால், "ஒரு சொந்தக்காரர்," என்று யூலாலி சமாளித்து வருகிறாள்.

பிப்ரவரியில் ஹோலிஸ், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று போனில் கேட்டேவிட்டார். பதிலை வாயால் சொல்ல யூலாலி கூச்சப்படுவாள் என்று தெரிந்து, அவரே ஒரு வழியும் சொன்னார்.

"ஈஸ்டருக்குக் குடும்பத்தோட வரீங்க இல்ல? காஸ்டாராவுல தங்கினா சம்மதம்னு எடுத்துக்கறேன். க்ரௌன் பாயின்ட்ல தங்கிட்டா, நான் இந்தக் கேள்வியைக் கேக்கவே இல்லைன்னு வெச்சுக்கோ. மீன் எப்பவும் போல வரும்."

ஆக, அட்டையில் ரோனெல் போட்டிருந்தது கடற்கரைக்கான கட்டம் மட்டும் இல்லை. அம்மாவின் மிச்ச வாழ்க்கையும் அதில்தான் இருந்தது. அது ரோனெலுக்குத் தெரியாது. வாசலில் அப்பாவின் தொப்பியை இன்னும் ஆணியிலிருந்து எடுக்க விடாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாத்தனாரிடம்தான் எப்படிச் சொல்வது?

"சரி, நான் சண்டை போடல," என்று ரோனெல் திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். அட்டையைக் கீழே வைத்தாள். "எதுக்கு இங்கயே தங்கணும்ங்கறேன் தெரியுமா? செவ்வாக்கிழமை ஆட்டுப் பந்தயம். அப்பா இருக்கும்போது போனோமே, ஞாபகம் இருக்கா? நீ நாற்காலி மேல ஏறி நின்னு, 'ஓடுடா தாடிக்காரா'ன்னு கத்தினே. ஆடு ஜெயிச்சுடுச்சு. நீ அழுதுட்டே சிரிச்சே. அப்படி நீ சிரிச்சு நாலு வருஷம் ஆச்சும்மா. இன்னொரு தடவை பார்க்கணும்னு இருக்கு. அதுக்குத்தான் லீவு போட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

யூலாலி மகளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நேரமும் மகளை எதிர்க்கட்சியாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்ததை எண்ணி வெட்கப்பட்டாள். தன்னைச் சிரிக்க வைக்கத்தான் இந்தப் பெண் கட்டம் போட்டு, டிக் அடித்து, இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள். இவளை ஏமாற்றிவிட்டு எந்த ஊருக்குப் போய் என்ன கிடைக்கப் போகிறது? அவள் கண்முன் ஹோலிஸின் முகம் வந்தது. மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"சரிம்மா," என்றாள். "இங்கயே தங்கலாம். போன் பண்ணு."

ரோனெல் துள்ளி எழுந்து போனை எடுத்தாள்.

"வை கீழே!" என்று ஒரு அதட்டல்.

எஸ்மி எழுந்து நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு கண்ணாடி டம்ளர். டிரினிடாடிலிருந்து மூன்று துண்டுகளில் சுற்றி எடுத்து வந்த டம்ளர்.

"பெரிய வெள்ளிக்கிழமை, மணி பன்னெண்டு அடிக்கப் போகுது. முட்டை பார்க்காம எவளாவது எதையாவது முடிவு பண்ணினா எனக்குக் கெட்ட கோவம் வரும். டம்ளர் என்ன சொல்லுதோ அங்கதான் படுக்கை."

"அத்தை, இது என்ன நியாயம்? எட்டுக் கட்டத்துல ஏழு டிக் இங்க வாங்கியிருக்கு!"

"உன் கட்டம் நீ போட்டது. என் முட்டை கோழி போட்டது. யாருக்கு அனுபவம் அதிகம்?"

ரோனெல் சிரித்துவிட்டாள். அவளுக்கு இதில் பயமே இல்லை. பெரிய வெள்ளி நண்பகலில் தண்ணீரில் முட்டை வெள்ளையை விட்டால், வரப்போவதைக் காட்டக் கப்பல் தெரியும், சவப்பெட்டி தெரியும், தேவாலயம் தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறாளே தவிர, ஊர்ப் பெயர் தெரியும் என்று யாரும் சொன்னதில்லை. "சரி, ஒப்பந்தம். பார்த்துட்டுச் சொல்லுங்க. பேச்சு மாறக் கூடாது."

யூலாலி மட்டும் எஸ்மியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக எஸ்மி முட்டை பார்த்ததில்லை. கடைசியாகப் பார்த்த வருஷம் டம்ளருக்குள் என்ன தெரிந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆகஸ்டில் கென்ரிக் போனான். அடுத்த பெரிய வெள்ளிக்கு எஸ்மி டம்ளரை அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டாள். இந்த வருஷம் அதை எதற்கு இறக்கினாள் என்பது யூலாலிக்குப் புரியவில்லை.

நிழல்கள் காலடியில் ஒடுங்கின. எஸ்மி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி வெயிலில், மணலை அணைத்து வைத்தாள். முட்டையை விளிம்பில் ஒரே தட்டு. மஞ்சள் கரு ஓட்டிலேயே தங்கியது, வெள்ளை மட்டும் வழவழவென்று தண்ணீருக்குள் இறங்கியது. மஞ்சள் கரு பக்கத்தில் காத்திருந்த நாய்க்குப் போயிற்று. அக்கம்பக்கத்துப் பாய்களிலிருந்து ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள்.

"எனக்குத் தென்னமரம் தெரியுது," என்றார் ஒரு பெரியவர்.

"அது உங்க நிழல், தள்ளி நில்லுங்க," என்றாள் எஸ்மி.

முட்டை வெள்ளை மெதுவாக நூல் நூலாக மேலே எழுந்தது. யூலாலியும் குனிந்து பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு மேகம். அவ்வளவுதான். மேகத்துக்கு எந்த ஊரில் படுக்கை?

எஸ்மி மண்டியிட்டு, டம்ளருக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"படகு," என்றாள். "நல்லா தெரியுது. கரையில ஏத்தி வெச்ச படகு. பக்கத்துல வலை, இந்தா, கண்ணி கண்ணியா. பின்னாடி மலை. மலை மேல ஒரு தேவாலயம். மலையும் படகும் வலையும் ஒண்ணா எங்க இருக்கு? இங்க இருக்கா?"

ரோனெல் சுற்றுமுற்றும் பார்த்தாள். தட்டையான மணல்தான் இருந்தது. "இல்ல," என்று ஒத்துக்கொண்டாள்.

"அப்ப காஸ்டாரா."

"இருங்க அத்தை, தேவாலயம் தெரிஞ்சா கல்யாணம்னு நீங்கதானே சொல்வீங்க? யாருக்குக் கல்யாணம்? எனக்கா?"

"உனக்கு இல்ல, பயப்படாதே," என்றாள் எஸ்மி. டம்ளர் தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

யூலாலியின் காது வரை சூடு ஏறியது. அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். எஸ்மியின் மூக்குக் கண்ணாடி அவள் மூக்கில் இல்லை. பைக்குள் கூட்டில் பத்திரமாக இருந்தது. அது இல்லாமல் எஸ்மிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் சோறே தெரியாது.

---

ரோனெல் சொன்ன சொல் தவறாதவள். பன்னிரண்டரைக்குக் காஸ்டாரா வீட்டுக்காரிக்குப் போன் செய்தாள். வாடகைக்கு எடுத்த காரில் பெட்டிகளை ஏற்றித் தானே ஓட்டினாள். மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு முறை, "முட்டையாம், முட்டை!" என்று முணுமுணுத்தாள். ஆனால் பாதி வழியில் மூங்கில் புதர் விலகிக் கீழே கடல் தெரிந்ததும், "அடி ஆத்தி!" என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் படம் எடுக்க இறங்கினாள்.

வண்டிக்குள் நாத்தனாரும் தம்பி மனைவியுமாக இருவர் மட்டும்.

"அண்ணி," என்றாள் யூலாலி. "டம்ளர்ல என்ன தெரிஞ்சுது?"

"வெள்ளையா ஏதோ தெரிஞ்சுது. கண்ணாடி போடல நான்."

"அப்ப எதுக்கு..."

எஸ்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யூலாலி, எனக்கு அறுபத்திரண்டு வயசு. மீன் சுத்தம் பண்ணியே பாதி ஆயுசு போச்சு. சொந்தக்காரன் அனுப்பற மீன்னா தலையும் முள்ளும்தான் வரும். உன் பெட்டியில மாசா மாசம் நடுத்துண்டு வருது. அதுவும் மூணு பேருக்கு மூணு. நடுத்துண்டு அனுப்பறவன் சொந்தக்காரனா? என்னை என்ன கேனச்சின்னு நினைச்சியா?"

யூலாலி தன் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தாள்.

"அப்புறம் நம்ம வீட்டுச் சுவர் வெறும் பலகைதான். நீ போன்ல கிசுகிசுன்னு பேசினா எனக்கு இன்னும் நல்லா கேக்கும். காஸ்டாராவுல தங்கினா சம்மதம், இல்லேன்னா இல்ல. பிப்ரவரியிலேர்ந்து எனக்குத் தெரியும். நீயா சொல்வேன்னு பார்த்தேன். இன்னிக்குப் பன்னெண்டு அடிக்கறதுக்குள்ள, 'இங்கயே தங்கலாம்'னு ஒப்புத்துக்கிட்டே பாரு, எனக்கு வந்த கோவத்துக்கு டம்ளரை உன் தலையில போட்டிருப்பேன்."

"கென்ரிக்கை நினைச்சா..." யூலாலியின் குரல் உடைந்தது. "நீங்க என்ன நினைப்பீங்களோன்னு. அவரோட அக்கா நீங்க."

எஸ்மி அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, இரண்டு வருஷத்துக்கு முன் கயிறு உரசிய இடத்தைக் கட்டை விரலால் தடவினாள். "என் தம்பிக்காக அழறதுக்கு நான் இருக்கேன். நீ அழுதது போதும். போய் மீன் சாப்பிடு." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: "எனக்கும் அனுப்பச் சொல்லு. நிறுத்திடப் போறான்."

யூலாலி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். ஆட்டுப் பந்தயத்தன்று நாற்காலி மேல் நின்று சிரித்த அதே சிரிப்பு. படம் எடுத்துவிட்டு வந்த ரோனெல் கதவைத் திறந்து பார்த்துத் திகைத்தாள்.

"என்ன ஆச்சு?"

"உங்கம்மா சிரிக்கறா," என்றாள் எஸ்மி. "அதைத்தானே கேட்டே. வண்டியை எடு."

---

காஸ்டாராவில் அன்று எந்தப் படகும் போகவில்லை. பெரிய வெள்ளியன்று மீன்பிடிக்க எங்கள் ஆட்கள் யாரும் கடலுக்குப் போவதில்லை. வாதுமை மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் தேவாலயத்திலிருந்து வந்த கோலத்திலேயே உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக வலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

கார் வந்து நின்றது. முதலில் ரோனெல் இறங்கினாள். பிறகு டம்ளரோடு எஸ்மி. கடைசியாக யூலாலி. அவள் கையில் பெட்டி.

வலை பின்னியவர்களில் உயரமாக, தலை நரைத்து உட்கார்ந்திருந்த ஒருவர் கையிலிருந்து ஊசி நழுவியது. அவர் காரைப் பார்த்தார். ஒருத்தி, இரண்டு பேர், மூன்று பேர் என்று உதடு அசைய எண்ணினார். பெட்டியைப் பார்த்தார். எழுந்தார். யூலாலி பக்கம் வரப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தபோது, மனிதர் எதிர்ப் பக்கமாகத் திரும்பி, நேரே கடலுக்குள் நடந்தார். புதுச் செருப்போடு, இஸ்திரி போட்ட காற்சட்டையோடு, முழங்கால் ஆழத்துக்குப் போய், முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கியது.

கரையே எழுந்து நின்றது.

"ஹோலிஸ்! இன்னிக்குப் பெரிய வெள்ளிடா! ஏறுடா மேல!"

"மீனாயிடுவே! உன்னை எந்த வலையில பிடிக்கறது?"

"விடுங்கப்பா, ஏற்கெனவே மாட்டிக்கிட்டான்!"

யூலாலிக்கு ஓடிப் போய் அவர் கையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் மற்றவர்களோடு சிரித்துக்கொண்டிருந்த ரோனெல் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

ரோனெல் கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் அருகே போனாள். மஞ்சள் படகு. முன்பக்கம் நீல எழுத்தில் ஒரு பெயர். 'யூலாலி'. அதைப் படித்தாள். திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். கடலில் நின்றவரைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி அந்த எழுத்துகளை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, மெல்லத் தடவினாள்.

"அம்மா," என்றாள். "இது புதுப் பெயின்ட் இல்ல. ஒண்ணரை வருஷம் ஆகியிருக்கு."

"பழகி ரெண்டு வருஷம்," என்றாள் யூலாலி. வாயை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் உண்மை வெளியே வந்துவிட்டது.

"அந்த ஐஸ் பெட்டி?"

"ஆமா."

"அத்தைக்குத் தெரியுமா?"

"முட்டைக்கே தெரியும்," என்றாள் எஸ்மி.

ரோனெல் கையில் வைத்திருந்த அந்தக் கட்டம் போட்ட அட்டையை எஸ்மியிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி மணலில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். அப்பாவின் தொப்பியை ஆணியிலிருந்து எடுக்க விடாத பெண் இவள். இவள் முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடும் யூலாலிக்கு, இன்று அந்த முகம் பிடிபடவில்லை.

"ரோனெல்! எங்கடி போறே? இன்னிக்குக் கடல்ல..." என்று எஸ்மி கத்தினாள்.

ரோனெல் நிற்கவில்லை. அலையை மிதித்து, முழங்கால் வரை தண்ணீருக்குள் போய், ஹோலிஸின் எதிரே நின்றாள். அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். நனைந்த முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பது போல் நேராக நின்றார்.

ரோனெல் அவரிடம் ஏதோ ஒன்று கேட்டாள். காற்றில் கரைக்குக் கேட்கவில்லை. மரத்தடியில் இருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார்கள். ஹோலிஸ் திரும்பிக் கரையிலிருந்த யூலாலியைப் பார்த்தார்.

யூலாலி பெட்டியை மணலில் வைத்தாள். செருப்பைக் கழற்றி, மகளின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கடவுளே," என்றாள் எஸ்மி. "குடும்பமே மீனாகுது." டம்ளரைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.